கிளியூர் அருவியைக் காணச் செல்வோமா?

பத்தாம் வகுப்பு மாணவி

ஏற்காட்டுக்குச் செல்பவர்கள் ஏரியில் படகில் செல்வார்கள். லேடீஸ் சீட்டில் நின்று கீழே தெரியும் சேலம் நகரைக் கண்டு மகிழ்வார்கள். சேர்வராயன் கோயிலுக்கும் போய் வருவார்கள். ஆனால் கிளியூர் அருவி என்றதும், “தண்ணீர் இருக்குமோ, இராதோ!” என்று பலர் தயங்குவார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடினால் இம்மலையின் கதை முழுவதும் நமக்கு விளங்கிவிடும். வாருங்கள் தோழியரே, அருவிக்குப் போகும் வழியிலேயே அதைத் தெரிந்துகொள்வோம்.

செல்லும் வழி

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு வரும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடோ சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சாலையில் சென்று, பின் படிகளில் இறங்க வேண்டும். இறங்குவது எளிது. திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். நாங்கள் குடும்பத்துடன் சென்றபோது அம்மா மூன்று இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். ஆகவே பெரியவர்களை அவசரப்படுத்தாமல் அழைத்துச் செல்வது நல்லது. வழுக்காத செருப்பு அணிவதும் அவசியம்.

படிகள் முடியும் இடத்தில் அருவியின் ஓசை நம்மை வரவேற்கும். ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து பாறை மீது வழிந்தும் சிதறியும் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்குகிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கிளியூர் அருவி ஆண்டு முழுவதும் ஒரே அளவாகக் கொட்டுவதில்லை. மழைக்காலத்தில் ஏற்காடு ஏரி நிறைந்து வழியும்போது, அந்த உபரி நீரும் வழியிலுள்ள சிற்றோடைகளின் நீரும் சேர்ந்து அருவியாகின்றன. தென்மேற்குப் பருவமழையின் பிற்பகுதியிலும் வடகிழக்குப் பருவமழையின்போதும் அருவி அழகாக இருக்கும். கோடையில் மழை பொய்த்தால் வெறும் பாறையையே காணலாம். ஆக, அருவியின் நலம் ஏரியைப் பொறுத்தது. ஏரியின் நலமோ அதைச் சுற்றியுள்ள காட்டையும் மண்ணையும் பொறுத்தது.

சேர்வராயன் மலை சார்னகைட் என்னும் மிகக் கடினமான பாறையால் ஆனது. சென்னையிலுள்ள பரங்கிமலையும் இவ்வகைப் பாறையே. இப்பாறை பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. அதன் வெடிப்புகளில் சிறிது நீர் தங்கும். மற்றபடி மழைநீரைச் சேமித்து வைப்பது மேலேயுள்ள மண்தான். அந்த மண்ணைக் காப்பவை மரங்கள். இலைகள் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கின்றன. உதிர்ந்த சருகுகள் நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. மழை நின்று பல நாட்களான பின்னும் ஓடையில் நீர் கசிவது இதனால்தான். மரமில்லாத சரிவிலோ மழைநீர் ஒரே பாய்ச்சலாக ஓடிவிடும். மண்ணையும் உடன் அள்ளிக்கொண்டு போகும்.

1820-களில் சேலத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். அதன் பிறகு காட்டின் பல பகுதிகள் தோட்டங்களாயின. ஆனாலும் காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதால் தோட்டங்களிலும் மரங்கள் நிற்கின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதை வழியெங்கும் காணலாம். இந்த நிழல் மரங்களும் போய், கட்டடமும் சிமென்ட் தரையுமாகிவிட்டால் மழைநீர் இறங்க இடம் ஏது?

தண்ணீர் எங்கே போகிறது?

மலைமேல் பெய்யும் மழை மலையோடு முடிந்துவிடுவதில்லை. சேலம் நகரின் வழியே செல்லும் திருமணிமுத்தாறும், சரபங்கா நதியும் சேர்வராயன் மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கின்றன. மறுபுறம் வாணியாறு தர்மபுரி மாவட்டத்திற்குச் சென்று தென்பெண்ணையில் சேருகிறது. இரண்டு பெரிய ஆறுகளுக்கு நீர் தரும் மலை இது! தலைச்சோலை என்ற பெயரில் ஓர் ஊரே இம்மலையில் இருக்கிறது. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: மலையின் தலையில் சோலை இருந்தால்தான் அதன் காலடியில் ஆறு ஓடும்.

நாம் கவனிக்க வேண்டியவை

அருவியின் முன் நிற்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று? தண்ணீரின் நிறம் என்ன? மழை விட்டுப் பல நாள் கழித்தும் தெளிந்த நீர் வந்தால் மேலே மண்ணும் மரமும் தம் வேலையைச் செய்கின்றன என்று அறியலாம். மழை பெய்ததும் செந்நிறமாகக் கலங்கிக் கொட்டினால் மலையின் மண் கரைந்து போகிறது என்று பொருள்.

பாசி படிந்த பாறைகளில் ஏறக் கூடாது. மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. நீர்வரத்து திடீரென்று பெருகக் கூடும். வெள்ளக் காலத்தில் குளிக்கக் கூடாது என்று தடுத்தால், அது நம் உயிரைக் காக்கவே என்று உணர்ந்து திரும்பிவிட வேண்டும். அங்கே பாறை இடுக்குகளில் தின்பண்ட உறைகளும் பிளாஸ்டிக் பாட்டில்களும் சிக்கிக் கிடந்ததைக் கண்டு வருந்தினேன். அவற்றில் எத்தனை அங்கேயே எறியப்பட்டவையோ, எத்தனை மேலேயிருந்து மிதந்து வந்தவையோ! ஏரியில் எறிவது அருவியில் விழும். அருவியில் விழுவது அடிவாரத்தில் இருப்பவரின் வாசலுக்கு வரும்.

ஆகவே தோழியரே, அருவிக்குச் செல்லும்போது ஒரு துணிப்பை எடுத்துச் செல்வோம். நம் குப்பையை அதில் இட்டுத் திரும்பக் கொண்டு வருவோம். இன்று நாம் கேட்கும் அந்த ஓசையை நமக்குப் பின் வரும் தங்கைகளும் கேட்க வேண்டும் அல்லவா?