தத்தெடுப்பில் வழக்கறிஞரின் பணி: தாம்பரம், இரும்புலியூர் வட்டாரம்

தத்தெடுப்பு வழக்கறிஞர் என்று தனியாக ஒரு பட்டமோ உரிமமோ இந்தியாவில் கிடையாது. சிவில் வழக்குகளையும் குடும்ப வழக்குகளையும் நடத்தும் வழக்கறிஞர்களில், குழந்தையைச் சட்டப்படி தத்தெடுப்பதற்கான ஆவணங்களையும் மனுக்களையும் கவனிப்பவரை மக்கள் அப்படி அழைக்கின்றனர். எல்லாத் தத்தெடுப்புக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியல்ல. சில வகைகளில் அவர் தேவையே இல்லை. வேறு சிலவற்றில் அவர் இல்லாமல் செய்தது பல ஆண்டுகள் கழித்துச் சொத்து வழக்கில் செல்லாமல் போகிறது. எது எந்த வகை என்று அறிவதே முதல் வேலை.

இரும்புலியூர், ஜிஎஸ்டி சாலையில் தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில் உள்ளது. 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய பகுதி. பேச்சு வழக்கில் 'சென்னை' என்றாலும், நிருவாக அளவில் இது 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. தத்தெடுப்பில் மாவட்ட எல்லை முக்கியமானது. இப்பகுதியில் வசிப்பவர் சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ போய் நிற்பதில் பயனில்லை. அவருக்கான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உரியவை.

வழக்கறிஞர் தேவைப்படாத வழி

ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தையைத் தத்தெடுப்பது இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் கீழ் நடக்கிறது. இதை மேற்பார்வையிடுவது மத்திய அரசின் 'காரா' எனப்படும் தத்தெடுப்பு ஆணையம். விண்ணப்பம் இணையத்தில் நேரடியாகப் பதிவு செய்யப்படுகிறது. எந்த மதத்தவரும், திருமணமாகாதவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தனி ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை தருவார். முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும் மருத்துவ விவரமும் காட்டப்படும். 48 மணி நேரத்துக்குள் அக்குழந்தைக்கு இசைவு தெரிவிக்க வேண்டும்.

முன்பு தத்தெடுப்பு உத்தரவை நீதிமன்றம் வழங்கியது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பின், அந்த அதிகாரம் மாவட்ட நீதிபதியிடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் சென்றது. மனுவைத் தயாரித்துத் தாக்கல் செய்வது குழந்தை இருக்கும் சிறப்புத் தத்துவள மையத்தின் பொறுப்பு. ஆகவே இந்த வழியில் செல்லும் பெற்றோர் வழக்கறிஞருக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. கட்டணம் விதிகளில் வரையறுக்கப்பட்டது. மையத்துக்கு ரசீதுடன் செலுத்தப்படுவது.

இதில் எல்லோரையும் சோர்வடையச் செய்வது காத்திருப்பு. கைக்குழந்தை வேண்டிப் பதிவு செய்தவர்களில் பலர் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்கின்றனர். இந்த வரிசையை எந்த வழக்கறிஞராலும் முன்னுக்குத் தள்ள முடியாது. "எனக்கு அங்கே ஆள் இருக்கிறது, ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சிலேயே அவரை விட்டு விலகுவது நல்லது. தம்பதியின் கூட்டு வயதுக்கும் வரம்பு உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது 85. காத்திருக்கும் காலத்தில் அந்த வரம்பைக் கடந்துவிட்டால் சற்றுப் பெரிய குழந்தையே கிடைக்கும். இதை முதலிலேயே கணக்கிட்டுப் பதிவு செய்யாமல் விட்டவர்கள்தான் பிற்பாடு இடைத்தரகர் கையில் சிக்குகிறார்கள்.

உறவினர் குழந்தை

வழக்கறிஞரின் வேலை உண்மையில் தொடங்குவது இங்கேதான். அண்ணன் குழந்தையைத் தம்பி எடுத்துக்கொள்வது, அக்காவின் மகளைத் தங்கை வளர்ப்பது போன்றவை நம் குடும்பங்களில் புதிதல்ல. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தில் 'உறவினர்' என்பதற்கு வரையறை உண்டு. குழந்தைக்குச் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இருவழித் தாத்தா பாட்டி ஆகியோரே அதில் வருவர். ஒன்றுவிட்ட அண்ணன் குழந்தை எவ்வளவு நெருக்கமாக வளர்ந்திருந்தாலும் அந்த வரையறைக்குள் வராது. வரையறைக்குள் வருவோர் பெற்றோரின் சம்மதம், ஐந்து வயதைத் தாண்டிய குழந்தையாயின் அதன் சம்மதம், உறுதிமொழிப் பத்திரம் முதலியவற்றுடன் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரு குடும்பங்களும் வெவ்வேறு மாவட்டங்களில் இருந்தால் எங்கே தாக்கல் செய்வது என்பதை அலகிடமே முதலில் கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

இந்துக்களுக்கு (சட்டத்தின் கண்ணில் பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்) இன்னொரு வழியும் உள்ளது. அது 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். இதில் ஆட்சியரும் இல்லை, வரிசையும் இல்லை. பெற்றோர் நேரடியாகக் குழந்தையைக் கொடுக்க, மற்றவர் பெற்றுக்கொள்ளலாம். எளிதாகத் தோன்றுவதாலேயே அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் இந்த வழிதான்.

நிபந்தனைகள் சில. குழந்தை இந்துவாக இருக்க வேண்டும். வழக்காறு இல்லாவிட்டால் 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. ஏற்கெனவே மகனோ, மகன்வழிப் பேரனோ, கொள்ளுப் பேரனோ உயிரோடு இருப்பவர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. மகளோ மகன்வழிப் பேத்தியோ இருந்தால் பெண் குழந்தையை எடுக்க முடியாது. ஆண் பெண் குழந்தையையோ, பெண் ஆண் குழந்தையையோ எடுத்தால் 21 வயது வித்தியாசம் வேண்டும். கணவன் தத்தெடுக்க மனைவியின் சம்மதமும், 2010 திருத்தத்துக்குப் பின் மனைவி தத்தெடுக்கக் கணவனின் சம்மதமும் தேவை.

சம்மதம் என்பதை நீதிமன்றங்கள் கறாராகப் பார்க்கின்றன. சடங்கின்போது மனைவி அருகில் உட்கார்ந்திருந்தார் என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கீசாலால் வழக்கில் கூறியது. 2020-இல் வனஜா – சரளா தேவி வழக்கில், சிறு வயது முதல் வளர்க்கப்பட்டு, பள்ளிச் சான்றுகளில் வளர்த்தவர்களின் பெயரே பெற்றோராக இருந்தும், வளர்ப்புத் தாயே தத்தெடுக்கவில்லை என்று மறுத்த நிலையில், கொடுத்து வாங்கியது நிரூபிக்கப்படாததால் அந்தப் பெண்ணின் உரிமை ஏற்கப்படவில்லை. ரேஷன் அட்டையிலும் பள்ளியிலும் பெயர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்திரமும் நிகழ்வும்

தத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது நல்லது. கொடுப்பவரும் எடுப்பவரும் கையொப்பமிட்டுப் பதிவான ஆவணம் இருந்தால், தத்தெடுப்பு சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்த அனுமானத்தை எதிர்த்தரப்பு முறியடிக்க முடியும். குழந்தையைக் கையில் கொடுத்து வாங்கும் நிகழ்வு உண்மையில் நடந்திருக்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை. எனவே அனுபவமுள்ள வழக்கறிஞர் பத்திரம் எழுதுவதோடு நிற்கமாட்டார். நாள், இடம், உடனிருந்த பெரியவர்களின் பெயர் ஆகியவற்றைப் பத்திரத்தில் சேர்ப்பார். புகைப்படம் எடுத்துவைக்கச் சொல்வார். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் தத்தெடுப்பு முடிந்தது என்று சொல்பவரிடம் அந்த வேலையை ஒப்படைக்கக் கூடாது. நோட்டரி கையொப்பத்துக்கு 16-ஆம் பிரிவின் பலன் கிடையாது.

குழந்தையைக் கொடுக்கும் உரிமை தந்தை, தாய், பாதுகாவலர் ஆகியோருக்கு மட்டுமே உண்டு. பெற்றோர் இருவரையும் விபத்தில் இழந்த குழந்தையைப் பாட்டி வளர்த்து வருகிறார், அதை மாமா தத்தெடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்து சட்டத்தின்படி பாட்டி பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. பாதுகாவலர் என்ற நிலையில் அவர் நீதிமன்றத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். குழந்தை வசிப்பது இரும்புலியூர் என்றால், அந்த மனு செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்ற எல்லைக்குரியது. அனுமதி குழந்தையின் நலனுக்கானதா, பணம் கைமாறியதா என்பதை நீதிபதி ஆராய்வார். இத்தகைய மனுவை வழக்கறிஞர் இல்லாமல் நடத்துவது கடினம்.

ஒருமுறை முறையாக நடந்த தத்தெடுப்பைப் பிறகு ரத்து செய்ய முடியாது. குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவும் இயலாது, பெற்றவர்கள் திரும்பக் கேட்கவும் இயலாது. இரு வீட்டாரிடமும் இதைக் கையொப்பத்துக்கு முன் தெளிவாகச் சொல்வது வழக்கறிஞரின் கடமை.

கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்கள்

நீண்ட காலம் இவர்களுக்கு இருந்தது 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் மட்டுமே. அதன்படி கிடைப்பது பாதுகாவலர் உத்தரவு. குழந்தைக்கு 18 வயதானதும் அது முடிந்துவிடும், வாரிசுரிமை வராது. அந்தக் காலத்தில் உத்தரவு வாங்கி வளர்த்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். உயில் எழுதாமல் அவர்கள் இறந்தால், வளர்த்த மகனோ மகளோ வீட்டில் உரிமை கேட்க முடியாது. தத்தெடுப்புப் பற்றி விசாரிக்க வந்தவரிடம் "உங்களிடம் உள்ளது எந்த உத்தரவு?" என்று கேட்டுப் பழைய காகிதத்தை வாங்கிப் படிக்கும் வழக்கறிஞரே இவர்களுக்குத் தேவை. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வெளிநாட்டில் வேலை

தென் சென்னைப் புறநகரில் தகவல் தொழில்நுட்ப வேலைக்காக வெளிநாடு சென்றவர்கள் அதிகம். ஊரில் இந்து சட்டப்படி பத்திரம் எழுதிவிட்டு, குழந்தையை அழைத்துச் செல்ல விசா கேட்கும்போது சிக்கல் எழுகிறது. 2021 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, இத்தகைய தத்தெடுப்பை ஆட்சியர் தரப்பில் சரிபார்த்து, காரா தடையின்மைக் கடிதம் தர வேண்டும். பத்திரம் எழுதும் முன்பே இதைச் சொல்லாத வழக்கறிஞரால் குழந்தை ஒரு நாட்டிலும் பெற்றோர் இன்னொரு நாட்டிலுமாகக் காத்திருக்க நேர்கிறது.

வெளிநாட்டுத் தத்தெடுப்பு இவ்வளவு கட்டுக்குள் வந்ததே ஒரு வழக்கறிஞரால்தான். லட்சுமி காந்த் பாண்டே என்ற உச்ச நீதிமன்ற வழக்கறிஞர், இந்தியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் விதம் குறித்து நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அது பொதுநல வழக்காக ஏற்கப்பட்டு, 1984-இல் விரிவான நெறிமுறைகள் வந்தன. அதன் பிறகும், சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் ஒரு முகமை வழியாக வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-இல் அம்பலமானது. அக்குழந்தைகளிடம் காகிதங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.

மருத்துவமனை வாசலில் கிடைக்கும் 'குழந்தை'

2019-இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர், குழந்தைக்கு விலை பேசி, பிறப்புச் சான்றிதழும் வாங்கித் தருவதாகக் கூறிய ஒலிப்பதிவு வெளியாகித் தமிழகத்தையே உலுக்கியது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்காக ஏங்கிய தம்பதிகள் என்பது இத்தகைய வழக்குகளின் வேதனை. சட்டம் அந்த ஏக்கத்தைப் பார்ப்பதில்லை. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரியது. மருத்துவமனை ஊழியர் போன்றோர் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள். பிறப்புச் சான்றிதழில் வாங்கியவர் பெயரே பெற்றோராக இருந்தால் அது கூடுதல் ஆதாரமாக அவருக்கு எதிராகவே நிற்கும். குழந்தையை வளர்த்தவர் கையிலிருந்து எடுத்துக் காப்பகத்தில் சேர்ப்பார்கள்.

பெற்ற தாய் உண்மையில் வளர்க்க இயலாத நிலையில் இருந்தால் அவருக்கும் நேர்வழி உண்டு. குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 1098 என்ற எண்ணை அழைத்தால் போதும்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தல்

இணையத்தில் முதலில் வரும் பெயர் சிறந்த பெயர் அல்ல. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இணையதளங்கள் வழியே வழக்குப் பிடிப்பதைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டு வழக்கறிஞரின் பதிவு எண் 'எம்.எஸ்.' என்று தொடங்கி, வரிசை எண்ணும் ஆண்டும் கொண்டிருக்கும். அதைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

முதல் சந்திப்பில் அவர் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர் என்பதைவிட, 2022-க்குப் பின் இத்தகைய கோப்பு எதையாவது கையாண்டாரா என்று கேட்பதே பயன் தரும். இன்னும் நீதிமன்றத்தில்தான் உத்தரவு வாங்க வேண்டும் என்று சொன்னால் அவர் மாற்றத்தை அறியவில்லை. கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதில் பத்திரச் செலவு தனியே, உழைப்புக்கான தொகை தனியே இருக்க வேண்டும். 'குழந்தை கைக்கு வந்த பிறகு இவ்வளவு' என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். பெற்ற தாய்க்குக் 'கொஞ்சம் உதவி' என்று ஒரு தொகை பட்டியலில் நுழைந்தால், அது இந்து சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படியும் குற்றம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை உண்டு. ஆகவே தத்தெடுக்கும் தாயோ, மேலே சொன்ன பாட்டியோ சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பித்து வழக்கறிஞரைப் பெறலாம். தொலைபேசி எண் 15100.