கடற்பாசி வைரஸைத் தடுக்குமா?

வெயில் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடற்பாசி காய்ச்சிச் சாப்பிடாதவர் நம்மில் குறைவு. அதைக் கட்டியாக உறைய வைப்பது பாலிசாக்கரைடு. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி போல் கோத்த நீண்ட பொருள். சிவப்புப் பாசிகள் சிலவற்றில் காராஜீனன் என்ற இன்னொரு வகை உண்டு. ஐஸ்கிரீமில் சேர்ப்பது இதைத்தான். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலும் இதுவே இருக்கிறது.

இது வைரஸைத் தடுக்கும் என்பது வெறும் கதையல்ல. சிவப்புப் பாசிச் சாறு, கோழி முட்டைக் கருவை இன்புளுயென்சா பி, பொன்னுக்கு வீங்கி வைரஸ்களிலிருந்து காக்கிறது என்று 1958லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ரயில்வேயில் காலம் கழித்தவனுக்குக் கப்ளிங்தான் நினைவுக்கு வரும். வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன் அதன் மேற்பரப்பைப் பிடித்தாக வேண்டும். பல வைரஸ்களுக்கு அங்கே கொக்கியாக அமைவது ஹெபரான் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலி. சல்பேட் நிறைந்திருப்பதால் அதற்கு எதிர் மின்னூட்டம். காராஜீனனும் அப்படியே! வைரஸ் ஏமாந்து இதில் மாட்டிக்கொள்கிறது. பிறகு செல்லின் கொக்கியைப் பிடிக்க இடமில்லை. (வீட்டில் காய்ச்சும் கடற்பாசியில் சல்பேட் மிகக் குறைவு. எனவே அதை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

பட்டறையில் சரியாக ஓடிய எஞ்சின் லைனிலும் ஓட வேண்டுமே? தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் 2007 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் காராஜீனன் களிம்பைச் சோதித்தார்கள். அது எச்.ஐ.வி.யைத் தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. அர்ஜென்டினாவில், கோவிட் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர் 394 பேரிடம் மூக்கில் அடிக்கும் மருந்தாகச் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 196 பேரில் 2 பேருக்கும், பெறாத 198 பேரில் 10 பேருக்கும் நோய் வந்தது. நம்பிக்கை தரும் கணக்குதான், ஆனால் சிறிய கணக்கு.

இதைக் கேட்டுவிட்டு, தடுப்பூசி எதற்கு, பாசிப் பொடி போதும் என்று நம் வயதுக்காரர்கள் சிலர் சொல்வதுதான் கவலையாக இருக்கிறது. மூக்கில் அடித்தது மூக்கில் நிற்கும். விழுங்கிய பொடி அங்கே போகாது. இவ்வளவு பெரிய மூலக்கூறு குடலைக் கடந்து இரத்தத்தில் சேர்வதும் அரிது. செல்லுக்குள் நுழைந்துவிட்ட வைரஸை அது தொடவும் முடியாது. மேலும், சில பாசிப் பாலிசாக்கரைடுகளுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் குணமும் உண்டு. இதய நோய்க்காக அத்தகைய மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் பாசி மாத்திரை வாங்குமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.