ஸ்கேன் அறிக்கையும் தாயின் மனமும்

பிறந்த ஊரை விட்டுத் தொலைவிலே பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர். அன்னையும் அத்தையும் அருகில் இல்லை. ஆஸ்பத்திரியில் பேசும் மொழியோ பாதிதான் புரிகிறது. இந்நிலையில் ஸ்கேனில் ஏதோ குறை தெரிவதாகக் கூறிவிட்டால் அக்குடும்பம் படும் வேதனையைச் சொல்ல வேண்டியதில்லை.

தில்லியில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இவ்வாறு நேர்ந்தது. மூன்றாம் மாத முடிவில் எடுத்த ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டு, குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்க 'ஹை ரிஸ்க்' என்று எழுதித் தந்தார்கள். அதன் அருகே 1:200 என்று ஓர் எண் இருந்தது. எவரும் அதைக் கவனிக்கவில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில், "கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்ற கேள்விதான் வந்தது. அப்பெண்மணி இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. பிறகு அறிக்கையை நம்மிடம் கொண்டுவந்தார்கள். இதே கணக்கு வரும் 200 கர்ப்பிணிகளில் ஒருவருடைய குழந்தைக்கு அக்குறை இருக்கலாம், 199 பேருடைய குழந்தைகளுக்கு இராது என்பதே அவ்வெண்ணின் பொருள். சொற்களைப் பெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நாமும், பொருள் விளங்காத ஒரு சொல் எவ்வளவு துயரம் தரும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பரிசோதனைகள் இரு வகைப்படும் என்பதை முதலில் அறிய வேண்டும். ஒன்று சல்லடை போன்றது. மேலும் ஆராயத் தக்கவர்களைப் பிரித்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனும், தாயின் இரத்தத்தில் செய்யும் சோதனைகளும் இவ்வகையின. மற்றொன்று உறுதி செய்யும் சோதனை. 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீரைச் சிறிது எடுத்து ஆராய்வது இவ்வகை. இதனால் கருச்சிதைவு நேரும் அபாயம் சிறிதளவு உண்டாதலால், டாக்டரிடம் கேட்டறிந்து தாயே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் சிசுவின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். மூளையில் சிறு நீர்க்கட்டி, இதயத்தில் ஒரு வெண்புள்ளி என்று அப்போது எழுதக்கூடும். வேறு குறை எதுவும் இல்லையெனில் இவை பெரும்பாலும் தீங்கற்றவை. நஞ்சு கீழே இறங்கியிருப்பதாகச் சொன்னாலும், கருப்பை வளர வளரப் பெரும்பாலோருக்கு அது மேலே சென்றுவிடும். பின்னர் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டால் போதும்.

சில சமயம் குறை மெய்யாகவே இருப்பதுண்டு. அப்போதும் முன்கூட்டி அறிவதில் பயன் இருக்கிறது. இதயக் கோளாறு எனத் தெரிந்தால், குழந்தை இதய மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற கடினமான கேள்வி எழுந்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021-இல் அதற்குச் செய்த திருத்தமும் வழி கூறுகின்றன. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும்; அதற்கு மேல் 24 வாரம் வரை இருவர் கருத்து வேண்டும்; அதன் பின்னர் கடுமையான குறையென மருத்துவ வாரியம் கண்டறிய வேண்டும். ஆதலின் பதற வேண்டாம். காலத்தை வீணாக்கவும் வேண்டாம்.

டாக்டரைக் காணச் செல்லும்போது இரு மொழியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கண்டது என்ன, அது எவ்வளவு உறுதி, அடுத்த சோதனை எது, அதை எந்த வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனச்சுமை மிகுந்தால் 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவியைத் தமிழிலேயே பெறலாம். கணவரும் உற்றாரும் தாயைக் குற்றம் சொல்லாதிருப்பது பேருதவி. கிரகணத்தில் வெளியே போனதால் இக்குறைகள் எவையும் வருவதில்லை.

நாம் முன்னே கூறிய பெண்மணி பனிக்குட நீர்ச் சோதனை செய்துகொண்டார். முடிவு வரும்வரை மாலைதோறும் கணவர் அவரை உலாவ அழைத்துச் சென்றார். மாமியாரும் ஊரிலிருந்து வந்து உடனிருந்தார். குறை இல்லையென்று முடிவு வந்தது. குறை உண்டென்று வந்திருந்தாலும், அதைத் தனியே தாங்கும் நிலை அவருக்கு அப்போது இருந்திராது.