படித்துவிட்டுக் காட்டிலா வேலை?

பிள்ளை வனவியல் படிக்கப் போவதாகச் சொன்னால் நம் பெற்றோர் பலர் கேட்கும் முதல் கேள்வி, “படித்துவிட்டுக் காட்டிலா வேலை?” என்பதுதான். மருத்துவம், சட்டம், கணக்கியல் என்றே சுற்றிவரும் நமக்கு இந்தத் துறை கண்ணில் படுவதே இல்லை.

செர்டாங்கில் 1971-இல் உருவான வேளாண் பல்கலைக்கழகம்தான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். அதன் முதல் மூன்று புலங்களில் வனவியலும் ஒன்று. மலேசிய சபா பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்கலாம்.

பூச்சோங் ஆயர் ஹீத்தாம் காடுதான் செர்டாங் மாணவர்களுக்கு ஆய்வுக்கூடம். மரத்தை அளப்பது சுலபம் என்று தோன்றும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அதன் விட்டத்தை எடுக்க வேண்டும். அடிமரத்தில் வேர் பலகைபோல் புடைத்திருந்தால் அதற்கும் மேலே நாடாவைச் சுற்ற வேண்டும். இந்த அளவு பிசகினால் எதை வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம் என்ற கணக்கே பிசகிவிடும். மழையும் அட்டைக்கடியும் கூடவே உண்டு. பெண் பிள்ளைகளும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்!

வேலை காட்டில் மட்டுமல்ல. வனத்துறை, சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்கள், மரத் தொழிற்சாலைகள் என்று பல இடங்களில் இருக்கிறது. தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் வற்றியதும் அது விறகாகத்தான் போனது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். மருந்தூட்டி உலர்த்தும் முறை வந்த பிறகு, அதே மரம் மலேசியாவின் மேசை நாற்காலி ஏற்றுமதிக்கு முக்கிய மூலப்பொருளாகிவிட்டது. அந்த ஆய்வில் கெப்போங் வன ஆய்வுக் கழகத்திற்கும் பங்குண்டு.