ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட ஒரே எண்: 29,331 கோடியில் என்ன விசேஷம்?

தீபாவளிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் 60 அதிரசம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 4 பேரோ, 5 பேரோ, 6 பேரோ, சமமாகப் பங்கு போட்டுவிடலாம். 10, 12, 15 பேர் என்றாலும் கவலையில்லை. வழியிலேயே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் போச்சு! 59 பகா எண். ஒரே ஆள் சாப்பிடணும், இல்லாட்டி 59 பேர் வரணும்.

60-க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளில் மிஞ்சும் எண்ணை 'மிகு பகு எண்' என்கிறார்கள். டஜனின் 12, நாளின் 24 மணி, வட்டத்தின் 360 பாகை எல்லாமே இந்த ரகம்தான்.

ராமானுஜன் என்ன செய்தார்?

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜன், 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். மிகு பகு எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை 1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் வெளியானது. அடுத்த ஆண்டு அவருக்கு பி.ஏ. பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான்.

அதில் ஒரு பட்டியல் உண்டு. கடைசி எண் 67,46,32,83,88,800. கம்ப்யூட்டர் இல்லாத காலம். இவ்வளவு தூரம் போனவர் நடுவில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார்: 2,93,31,86,25,600.

நாமே சரிபார்க்கலாமா?

தாராளமாக. 60 = 2×2×3×5. இதில் 2 இரண்டு தடவை, 3 ஒரு தடவை, 5 ஒரு தடவை. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3×2×2 = 12. காரணிகளின் எண்ணிக்கை வந்தாச்சு.

விடுபட்ட எண்ணில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வருகின்றன. 7×5×3×3×2×2×2×2 = 5,040 காரணிகள்! பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் தடவை கூடுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா மிகு பகு எண்களும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டுரையே நிரூபிக்கிறது. ஓர் எண் விடுபட்டதால் இந்தத் தேற்றத்துக்கு எந்தப் பழுதும் இல்லை.

இன்னொரு சுவாரசியம். பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது எது தெரியுமா? விடுபட்ட அதே எண்தான்! எல்லா மிகு பகு எண்களிலும் இப்படி நடக்கும் என்று விதி இல்லை. இங்கே அப்படி அமைந்திருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? போன் கால்குலேட்டரில் வேண்டாம், ஒரு தாளை எடுத்துக் கையாலேயே வகுத்துப் பாருங்கள். ராமானுஜனின் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது என்பது அப்போது புரியும்.