கர்ணம் மல்லேஸ்வரி

கர்ணம் மல்லேஸ்வரி (பிறப்பு: 1975 ஜூன் 1) இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 69 கிலோ எடைப்பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கமும் அதுதான். ஆனால் அவர் உலகப் பட்டம் வென்றது அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பளுதூக்கும் போட்டியே கிடையாது.

இளமை

மல்லேஸ்வரி ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் வூசவானிப்பேட்டை என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய சகோதரிகளும் பளுதூக்கும் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சியாளர் நீலம்ஷெட்டி அப்பண்ணாவிடம் சுமார் 12 வயதில் இவர் பயிற்சியைத் தொடங்கினார்.

எடை தூக்குவது ஆண்களின் வேலை என்று எண்ணப்பட்ட காலம் அது. தமிழ்நாட்டு ஊர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுவது இளைஞனின் ஆண்மைக்குச் சோதனையாக இருந்ததை இங்கே நினைவுகூரலாம். தண்ணீர்க் குடமும் விறகுச் சுமையும் பெண்கள் தலையில்தான் இருந்தன. ஆனால் அவற்றை யாரும் வலிமை என்று சொல்லவில்லை.

பெண்களுக்குத் திறந்த கதவு

1896-இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்குப் பளுதூக்கும் போட்டி இருந்தது. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1987-இல்தான் அமெரிக்காவின் டேட்டோனா பீச் நகரில் நடந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாகப் பளு தூக்கியது 2000-இல், சிட்னியில். இடையில் 104 ஆண்டுகள் கடந்திருந்தன.

மல்லேஸ்வரியின் சிறந்த ஆண்டுகள் இந்தக் கதவு திறப்பதற்கு முன்பே வந்துவிட்டன. 1993-இல் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். 1994-இல் துருக்கியின் இஸ்தான்புல் நகரிலும், 1995-இல் சீனாவின் குவாங்சோ நகரிலும் 54 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றார். முதல் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 19. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் நடந்தபோது அவர் இருமுறை உலகப் பட்டம் வென்றவர். இருந்தும் அங்கே அவர் போட்டியிட ஒரு பிரிவும் இல்லை. 1994 ஹிரோஷிமா, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

போட்டி முறை

சிட்னியில் நடந்ததைப் புரிந்துகொள்ள, போட்டியின் விதிகளை அறிவது தேவை. பளுதூக்குதலில் இரு பகுதிகள் உண்டு. முதல் பகுதி ‘ஸ்நாட்ச்’. இதில் தரையிலிருக்கும் கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டாவது ‘கிளீன் அண்ட் ஜெர்க்’. இதில் கம்பியை முதலில் தோள்வரை உயர்த்தி, பிறகு தலைக்கு மேல் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று வாய்ப்புகள். இரண்டிலும் தூக்கிய சிறந்த எடைகளின் கூட்டுத்தொகையே முடிவைத் தீர்மானிக்கும். கூட்டுத்தொகை சமமானால், உடல் எடை குறைந்தவர் முந்துவார் என்பது அன்றைய விதி. கம்பியின் எடை கூடிக்கொண்டே போகும், குறையாது. எனவே அடுத்து எத்தனை கிலோ கேட்பது என்பதும் போட்டியின் ஒரு பகுதி.

சிட்னி, 2000 செப்டம்பர் 19

சிட்னியில் மல்லேஸ்வரி களமிறங்கியது 69 கிலோ பிரிவில். உலகப் பட்டம் வென்ற பிரிவைவிட இது 15 கிலோ அதிகம். உடல் எடை கூடிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்று அவரைப் பற்றிய விமர்சனங்கள் நாட்டில் எழுந்திருந்தன.

ஸ்நாட்சில் அவர் 110 கிலோ தூக்கினார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130 கிலோ தூக்கினார். 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் இரண்டரையைத் தலைக்கு மேல் ஏற்றுவதைவிட இது அதிகம். மொத்தம் 240 கிலோ. கடைசி வாய்ப்பு மீதம் இருந்தது. அதற்கு அவர் தரப்பு கேட்ட எடை 137.5 கிலோ. தோற்றாலும் 240 கிலோ அவர் கணக்கில் நிலைத்திருக்கும். வென்றால் தங்கம். அந்த முயற்சி தோல்வியில் முடிந்தது.

சீனாவின் லின் வெய்னிங்கும் ஹங்கேரியின் எர்ஷேபெத் மார்க்குஷும் தலா 242.5 கிலோ தூக்கியிருந்தனர். உடல் எடை குறைவாக இருந்ததால் தங்கம் லின்னுக்குச் சென்றது. மல்லேஸ்வரிக்கும் தங்கத்துக்கும் இடையே இருந்தது 2.5 கிலோ. இறுதி எண்களை வைத்துப் பார்த்தால் 135 கிலோ தூக்கியிருந்தாலே, மொத்தம் 245 ஆகி, அவர் முந்தியிருப்பார். ஆனால் 135 கேட்டிருந்தால் எதிரணியினரும் தம் கணக்கை மாற்றியிருக்கக்கூடும். அரங்கில் நிமிடக் கணக்கில் எடுக்கப்பட்ட முடிவை, விடை தெரிந்த பிறகு குறை சொல்வது எளிது.

குஞ்சராணி தேவி

மணிப்பூரின் குஞ்சராணி தேவியின் வரலாற்றையும் உடன்வைத்துப் பார்த்தால், காலத்தின் பங்கு தெளிவாகும். 1968-இல் பிறந்த அவர் மல்லேஸ்வரிக்கு ஏழு ஆண்டுகள் மூத்தவர். 1989-இல் மான்செஸ்டரில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அதன்பின் உலகப் போட்டிகளில் பலமுறை வெள்ளி பெற்றார். அவருக்கு ஒலிம்பிக் வாய்ப்பு 2004-இல் ஏதென்சில்தான் கிடைத்தது. அப்போது வயது 36. அங்கே 48 கிலோ பிரிவில் நான்காம் இடம் பெற்றார். இருவரும் ஒரே கதவின் முன் காத்திருந்தவர்கள். அது திறந்தபோது மல்லேஸ்வரிக்கு வயது 25.

விருதுகளும் பிற்காலமும்

மல்லேஸ்வரிக்கு 1994-இல் அர்ஜுனா விருதும், பின்னர் நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவும் கிடைத்தன. கேல் ரத்னா பெற்ற முதல் பெண் இவர். 1999-இல் பத்மஸ்ரீ பெற்றார். இவை எல்லாம் சிட்னிக்கு முன்பே வந்தவை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் காயத்தால் போட்டியை நிறைவு செய்ய இயலாமல் போனது. அதன்பின் ஓய்வு பெற்றார். திருமணத்துக்குப் பிறகு ஹரியானாவின் யமுனாநகரில் வசித்துவரும் இவர், 2021-இல் டெல்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார்.

சிட்னிக்குப் பின் இந்தியப் பெண் ஒருவர் மீண்டும் ஒலிம்பிக் பதக்கம் பெற 12 ஆண்டுகள் ஆயின. 2012 லண்டனில் சாய்னா நேவாலும் மேரி கோமும் வெண்கலம் வென்றனர். பளுதூக்குதலில் அடுத்த பதக்கம் 2021-இல் டோக்கியோவில் வந்தது. 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். சானு 1994-இல், மல்லேஸ்வரி முதல் உலகப் பட்டம் வென்ற ஆண்டில் பிறந்தவர். அவர் பளுதூக்கத் தொடங்கியபோது ஒலிம்பிக்கின் கதவு பெண்களுக்கு ஏற்கெனவே திறந்திருந்தது.