செடிமுருங்கையில் நுனி கிள்ளுதல்

‘ஒடித்து வளர்க்காத முருங்கையும் அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படாது’ என்பது கிராமத்துப் பழமொழி. பிள்ளையைப் பற்றிய பாதியை விட்டுவிடலாம். முருங்கையைப் பற்றிய பாதி இன்றைக்கும் முழு உண்மை. எப்போது ஒடிப்பது, எந்த உயரத்தில் ஒடிப்பது என்பதில்தான் பலர் தவறி விடுகின்றனர். தளதளவென்று வளரும் செடியின் தலையில் கை வைக்க மனம் வராமல் சிலர் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் பருவம் கடந்த பிறகு அரிவாளை எடுக்கின்றனர். இரு வகையிலும் காய் குறைகிறது.

ரகமும் நடவும்

விதை மூலம் பயிராகும் செடிமுருங்கையில் பெயர் பெற்றது பி.கே.எம்.1 ரகம். எப்போதும்வென்றான் வட்டாரத்து முருங்கையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. காய் ஏறக்குறைய 65 முதல் 70 செ.மீ. நீளமும் 150 கிராம் எடையும் இருக்கும்.

மணல் கலந்த வண்டல் மண் ஏற்றது. தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது. ஜூலை முதல் அக்டோபர் வரை விதைக்கலாம். ஆனால் விதைத்த மூன்று மாதத்தில் செடி பூக்கத் தொடங்கும். அந்த நாட்கள் அடைமழையில் சிக்கினால் பூ கொட்டிப் போகும். ஆகவே தத்தம் ஊரின் மழையைக் கணக்கிட்டு விதைப்பு நாளை முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இடைவெளியில், ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழிகள் எடுத்து, மேல்மண்ணுடன் தொழு உரம் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதை ஊன்றலாம். முளைத்த பின் நல்ல செடி ஒன்றை மட்டும் விடவும். இந்த இடைவெளியில் ஏக்கருக்கு 640 செடிகள் நிற்கும்.

கிள்ளாவிட்டால் என்ன?

நுனியைக் கிள்ளாத செடி ஒற்றைக் கம்பாக வானத்தைப் பார்த்து ஓடும். கிளைகள் குறைவாகவும் உயரத்திலும் வரும். காயும் அங்கேயே தொங்கும். தரையில் நின்று பறிக்க முடியாது. தொரட்டி போட்டு இழுத்தால் காய் முறிகிறது, அடுத்த அறுவடைக்கான பூவும் பிஞ்சும் உதிர்கின்றன. ஏறிப் பறிக்கலாம் என்றால் முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது. ‘முருங்கை பருத்தால் தூணாகுமா’ என்று சும்மா சொல்லவில்லை. ஆடிக் காற்று வீசும் பகுதிகளில் உயர்ந்து நிற்கும் மரம் நடுவில் முறிந்து, ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் போய்விடும்.

கிள்ளினால் என்ன நடக்கிறது?

வளரும் செடியின் நுனிக்குருத்தில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிறது. அது தண்டின் வழியே கீழ்நோக்கி இறங்கி, இலைக் கணுக்களில் உள்ள பக்க மொட்டுகளை முளைக்க விடாமல் அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளியதும் அந்தக் கட்டுப்பாடு அகன்று விடுகிறது. அதுவரை உறங்கிக் கிடந்த மொட்டுகள் கிளைகளாகப் புறப்படும். முருங்கை புதிய கிளைகளில் பூக்கும் மரம். ஆகையால் பக்கக் கிளைகள் பெருகினால் பூங்கொத்துகளும் பெருகும். மரமும் குட்டையாகக் குடை விரித்தாற்போல நிற்கும்.

கிள்ளும் முறை

செடி 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இந்த உயரம் வந்துவிடும். நாளைவிட உயரமே முக்கியம். இரண்டரை அடிக்கு ஒரு குச்சியை வெட்டிக் கையில் வைத்துக் கொண்டால் அளவு தவறாது.

எல்லாச் செடிகளும் ஒன்றுபோல வளர்வதில்லை. ஆகவே ஒரே நாளில் வேலையை முடிக்க எண்ணாமல், நாலைந்து நாளுக்கு ஒரு முறை தோட்டத்தைச் சுற்றி, உயரம் எட்டிய செடிகளை மட்டும் கிள்ளி வரவும். இளங்குருத்தைக் கட்டைவிரல் நகத்தாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளினால் போதும். கத்தி தேவையில்லை. தண்டு முற்றிப் போய் நகம் இறங்கவில்லை என்றால் காலம் தாழ்ந்துவிட்டது என்று பொருள். மழை பெய்யும் நாளில் கிள்ளக் கூடாது. காயத்தில் ஈரம் நின்றால் அழுகல் நோய் எளிதில் நுழையும்.

சில வாரங்களில் பக்கக் கிளைகள் நீண்டு வரும். அவற்றில் ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்று பழையபடி தலைமைத் தண்டாக மாறப் பார்க்கும். அதன் நுனியையும் ஒருமுறை கிள்ளி மற்றவற்றோடு சமமாக்கவும். பூ மொட்டு தென்பட்ட பிறகு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கிள்ளினால் பறிபோவது காய்தான்.

எந்தக் கிளையை விடுவது?

நாலா பக்கமும் பரவி, தண்டிலிருந்து அகன்று செல்லும் கிளைகள் நல்லவை. தண்டை ஒட்டினாற்போல் குறுகிய கவையாக எழும் கிளை, காய்ப் பாரம் ஏறியதும் பிளந்து விழும். அதை இளசாக இருக்கும்போதே நீக்கி விடலாம். தரையைத் தொடும் கிளைகளும் வேண்டாம். அவற்றின் காயில் மண் படியும், களை எடுக்கவும் இடைஞ்சல். நீக்கிய குருத்துகள் வீணாவதில்லை. கீரையாக வீட்டுக்கு உதவும்.

நீரும் உரமும்

பல கிளைகளைத் தாங்க வேண்டிய செடிக்குப் போதிய ஊட்டம் வேண்டும். விதைத்த மூன்றாம் மாதம் செடி ஒன்றுக்கு 45 கிராம் தழைச்சத்து, 15 கிராம் மணிச்சத்து, 30 கிராம் சாம்பல்சத்து இட வேண்டும். இதற்கு யூரியா 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 95 கிராம், பொட்டாஷ் 50 கிராம் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆறாம் மாதம், காய்க்கும் தருணத்தில், மீண்டும் 100 கிராம் யூரியா இடவும். மண்ணுக்கேற்ப 10 முதல் 15 நாளுக்கு ஒரு முறை நீர் பாய்ச்சினால் போதும்.

நல்ல பராமரிப்பில் ஒரு மரம் ஆண்டுக்கு 220 காய்கள் வரை தரும். எக்டேருக்கு 50 முதல் 55 டன் வரை விளைச்சல் எடுக்கலாம்.

மறுதாம்பு

ஓராண்டுக் காய்ப்பு முடிந்ததும் மரத்தைத் தரையிலிருந்து 90 செ.மீ., அதாவது மூன்றடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும். கூரிய அரிவாளால் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டவும். தட்டையாக வெட்டினால் மழைநீர் தேங்கும். பட்டை கிழிந்தால் பூச்சி புகும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுதல் நன்று.

வெட்டிய ஒரு வாரத்துக்குள் மூன்றாம் மாதம் இட்ட அதே அளவு உரத்துடன், மரத்துக்கு 25 கிலோ தொழு உரமும் இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். கொத்தாகக் கிளம்பும் துளிர்களில் திடமான நாலைந்தை வைத்துக் கொண்டு மற்றவற்றைக் கழித்து விடவும். வெட்டிய நான்கு, ஐந்து மாதத்தில் மீண்டும் காய் பறிக்கலாம். இவ்வாறு மூன்று ஆண்டுகள் வரை மறுதாம்பு விடலாம்.

வெட்டும் நாளும் விலையும்

வரத்து பெருகினால் முருங்கை விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாமல் போவது உழவர் அறிந்ததே. வெட்டும் நாளை வைத்தே காய்க்கும் நாளை ஓரளவு நகர்த்த முடியும். தோட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, மூன்று வார இடைவெளி விட்டு வெட்டினால் காயும் அதே வரிசையில் வரும். விலை விழுந்த ஒரு வாரத்தில் முழுத் தோட்டத்துக் காயும் சந்தையில் மாட்டிக் கொள்ளாது.

நுனி கிள்ளுவதில் ஐயம் உள்ளவர்கள் இவ்வாண்டு ஒரு வரிசையை மட்டும் கிள்ளி, அடுத்த வரிசையை அப்படியே விட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே நீர், ஒரே உரம் கொடுத்து, பறிக்கும் காயைத் தனித்தனியே எண்ணிக் குறித்து வரவும். செலவில்லாத இந்தச் சோதனை, அடுத்த ஆண்டு என்ன செய்வது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.